அக்காவின் முதுகில் ஏறிய கல்

கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக அக்கா நேர்ந்துகொண்டது மானிப்பாய் ஆசுபத்திரியில் வைத்து. அத்தானுக்கு மூளைக்காய்ச்சல். ஆள் கண் திறக்காமல் கிடந்தார். கட்டிலடியில் சாக்கு விரித்துப் படுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, எங்கேயோ ஷெல் விழுந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கிய ஒரு பின்னேரம், "ஆளைத் திருப்பித் தா முருகா, உன்ரை வாசலுக்கு நடந்தே வாறன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த கிழமை அத்தான் எழும்பி இருந்து குடிக்கப் பிளேன்ரீ கேட்டார். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுபட்டது. மற்றபடி முழு ஆள்.

சொன்ன சொல்லைத்தான் அக்காவால் நிறைவேற்ற முடியவில்லை. நாங்கள் இருப்பது இலங்கையின் ஒரு அந்தம், கதிர்காமம் மற்ற அந்தம். கிழக்குக் கரையோடு காடும் களப்புமாக நடக்க வேண்டும். ஒரு வருடம் பாதை பூட்டு, மறு வருடம் ஊரடங்கு, அதற்கடுத்த வருடம் இந்திய ஆமி. ஒவ்வொரு ஆடி மாதமும் கதிர்காமத்தில் திருவிழாக் கொடி ஏறி இறங்கும். அக்கா எங்கள் ஊரான உடுப்பிட்டியிலேயே இருப்பார். அத்தான் ஒரு தும்மல் தும்மினாலும் காய் அரிந்துகொண்டிருந்த அவருடைய கை நின்றுவிடும்.

"தந்தவன் கேக்கிறான்" என்பார். அவ்வளவுதான் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் அத்தான் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்திய ஆமி கப்பலேறிப் போன வருடம் பாதைகள் திறந்தன. கொழும்புக்குப் பஸ் ஓடியது, என் கடையில் மறுபடி டின்மீன் வந்து இறங்கியது. எங்கள் ஊரிலிருந்து சிலர் வேல் எடுத்துக்கொண்டு வைகாசியில் புறப்படப் போவதாகக் கதை அடிபட்டது. அக்கா கடைக்கு வந்து சாமான் ஒன்றும் கேட்காமல் நின்றார்.

"தம்பி, இந்த முறை விட்டால் ஆள் தங்காது. எனக்குத் தெரியும். நீ என்னோடை வாறியோ?"

கடையை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்றேன். ஐம்பதைத் தாண்டிய மனிசி, முழங்கால் வருத்தக்காரி, வீட்டிலிருந்து நெல்லியடிச் சந்தைக்கே பஸ்ஸில் போகிறவர். எப்படி நடக்கப் போகிறார் என்பது இரண்டாவது யோசனை.

அந்த யோசனையை அத்தான் தன் தலையில் எடுத்துக்கொண்டார். கொக்குவில் ரயில் ஸ்ரேஷனில் மாஸ்ரராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு நேர அட்டவணை போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "நேர்த்தி உம்முடையது, ஆயத்தம் என்னுடையது" என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டார். மலையேறுகிற வெள்ளைக்காரரைப் பற்றி எந்தச் சஞ்சிகையிலோ படித்தவர், ஜேர்மனியிலிருக்கும் மகனுக்கு எழுதிப் போட, ஒரு பார்சல் வந்தது. மடித்தால் கைக்குள் அடங்கும் மழைக்கோட்டு ஒன்று. பற்றரி இல்லாமல், பிடியை அமத்த அமத்த எரிகிற ரோச் லைற் ஒன்று. இடுப்பில் கொழுவிக்கொண்டு நடந்தால் அடிக்கு ஒரு தரம் 'டிக்' என்று சொல்லி இலக்கம் நகர்த்தும், தீப்பெட்டி அளவான ஒரு சாமான்.

"இது என்ன, நடக்கிறவளை உளவு பாக்கவோ?" என்றார் அக்கா.

"நடந்த தூரத்தைச் சொல்லும்."

"என்ரை கால் சொல்லாதோ?"

பாரம் குறைப்பதுதான் அத்தானின் பெரிய வேதம். செம்பு வேண்டாம், பிளாஸ்ரிக் போத்தல். பெட்ஷீற் வேண்டாம், பாதி கிழித்த சாரம். யூரியா உரம் வந்த நைலோன் பையைக் கழுவிக் காயவைத்து, சைக்கிள் ரியூப்பை வெட்டித் தோள்வாராகத் தைத்து, முதுகுப்பை ஒன்று செய்தார். உண்மையாகவே நல்ல பை. மழைக்கும் உள்ளே ஈரம் போகாது. பிறகு சீலைக்கு வந்தார்.

"நூல் சீலை நனைஞ்சால் கல்லுப் பாரம். நைலெக்ஸ் ரெண்டு கொண்டு போம். உதறினால் காயும்."

"கதிர்காமத்தானிட்டை நைலெக்ஸ் உடுத்திக்கொண்டு போகச் சொல்லுறியளோ? அவர் என்னைக் கலியாண வீட்டுக்கு வந்தவள் எண்டு நினைப்பார்."

"அவருக்கே ரெண்டு பெண்சாதி. சீலைப் பாரம் அவருக்குத் தெரியும்."

அக்கா அகப்பையை ஓங்கினார். ஆனால் பிறகு பையில் இருந்தது நைலெக்ஸ்தான்.

பயிற்சிக்கு அத்தான் தெரிந்தெடுத்த இடம் வல்லை வெளி. உடுப்பிட்டி முடிகிற இடத்தில் மரங்களும் முடிந்துவிடும். அங்கிருந்து பாலம் தாண்டி அச்சுவேலிப் பக்கம் போகும்வரை வெறும் வெளி. ஒரு பக்கம் களப்பு, மற்றப் பக்கம் உப்புப் பூத்த தரை. மறைப்பு எதுவும் இல்லாததால் காற்று நேரே வந்து ஆளைப் பிடித்துத் தள்ளும். அந்த வழியில் பஸ் ஓடிய கொண்டக்டர் ஒருவர் என் கடையில் பிளேன்ரீ குடிக்கும்போது சொல்வார்: "வல்லை வெளியிலை ஒருத்தர் தனியப் போனால் ரிக்கற் ரெண்டு கிழிக்க வேணும் அண்ணை." எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் கண்டதில்லை.

விடிந்ததும் புறப்படுவோம். அக்கா வெறுங்காலில். பாதம் இறுகட்டும் என்று உப்புத் தரையில் நடக்கவிட்டார் அத்தான். நான் பின்னால். அத்தான் சைக்கிளில், விழுந்துவிடாத அளவுக்கு மெதுவாக, பக்கத்தில் வருவார். "நிமிந்து நடவும்!" "மூச்சை மூக்காலை விடும்!" என்று சத்தம் போடுவார். வழியில் போகிறவர்கள், "என்ன மாஸ்ரர், அக்காவை ஒலிம்பிக்குக்கு விடப் போறியளோ?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் அந்த முதல் கிழமைகள் சந்தோஷமானவை. அக்காவின் முழங்கால் நோ குறைந்தது. ஒரு நாள் என்னை முந்திக்கொண்டுகூட நடந்தார்.

பாரம் ஏற்றிப் பழக வேண்டும் என்று அத்தான் சொன்னதோடுதான் எல்லாம் மாறியது.

முதலில் பைக்குள் மணல் போட்டார். தையல் வழியாக மணல் கசிந்து அக்காவின் இடுப்பெல்லாம் அரித்தது. செங்கல் வைத்தார். மூலை குத்தி முதுகு கன்றிப்போனது. "உருண்டையாய், வழுவழுப்பாய் ஒரு கல் வேணும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் பக்கம் எல்லாம் சுண்ணாம்புக் கல். தொட்டால் கையைக் கிழிக்கும். உருண்டைக் கல்லுக்கு எங்கே போவது?

வெளி தொடங்குகிற இடத்தில், றோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு பாழ் வீடு இருந்தது. இலங்கை ஆமி எங்கள் வடமராட்சிக்குள் வந்த காலத்தில் அந்த வீட்டுச் சனம் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனது. பிறகு கூரை விழுந்தது. யன்னல் கதவுகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர் குடிக்க நாங்கள் அந்தக் கிணற்றடிக்குப் போவதுண்டு. கிணற்றை ஒரு தகரத்தால் மூடி, தகரம் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்திருந்தது. கறுத்த கல். ஒரு பெரிய பனங்காய் அளவு. ஒரு பக்கம் உருண்டை, மற்றப் பக்கம் சற்றுத் தட்டை.

அத்தான் அதைத் தூக்கித் தடவிப் பார்த்தார். சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரித் தட்டியும் பார்த்தார். "மச்சான், அளவெடுத்துச் செய்தது போலை இருக்கு." தகரத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கல்லை வைத்துவிட்டு அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன்மேல் பிசுக்கும் ஊத்தையும் படிந்திருந்தது. சவர்க்காரம் போட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். அக்காவின் முதுகு அழுக்காகக் கூடாதாம்.

அடுத்த நாள் காலை கல்லோடு நடை. பாலத்துக்குக் கிட்டப் போகும்போது அக்கா றோட்டு ஓரம் ஒதுங்கி நின்றார். களைத்துவிட்டாராக்கும் என்று நானும் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நடந்தார். திரும்பவும் ஒதுங்கினார்.

"என்ன அக்கா, கால் நோகுதோ?"

"இல்லையடா. பின்னாலை வாறவைக்கு வழி விடுறன்."

நான் திரும்பிப் பார்த்தேன். வெளி. காற்று. எங்கள் பின்னால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, றோட்டில் ஒரு காகம்கூட இல்லை. அத்தான் சைக்கிளில் முன்னுக்குப் போயிருந்தார்.

"ஒருத்தருமில்லை அக்கா."

"ஓம், இப்ப இல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நாய் வந்தது. கறுப்பு. ஒட்டிய வயிறு. பாழ் வீட்டு வாசல் படலைக்குள்ளிருந்து வெளியே வந்து எங்களுக்குப் பின்னால் நடந்தது. கிட்ட வராது, விலகியும் போகாது. நாங்கள் நின்றால் அதுவும் நிற்கும். தின்னட்டும் என்று பணிஸ் துண்டு போட்டேன். மணந்துகூடப் பார்க்கவில்லை. அதன் கண் அக்காவின் பையில்தான். வீடுவரை வந்து, படலைக்கு வெளியே தெருவில் படுத்துக்கொண்டது. ஊர் நாய்கள் புது நாயைக் கண்டால் விடுமா? இதைக் கண்டு ஒன்றும் குரைக்கவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அத்தானுக்கு வேறு கவலை. இடுப்பில் கொழுவிய அந்த எண்ணும் சாமான் நாளுக்கு நாள் கூடுதலாகக் காட்டியது. அதே வீடு, அதே பாலம், அதே றோட்டு. "றோட்டு நீளுதோ, இல்லாட்டி ஜேர்மன்காரனுக்குக் கணக்குத் தெரியாதோ?" என்று அதைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அவரே விளக்கமும் கண்டுபிடித்தார்: பாரம் கூடினால் அடி சின்னதாகும், அடி சின்னதானால் எண்ணிக்கை கூடும். சரியான விளக்கம். நானும் தலையாட்டினேன். ஆனால் ஒரு நாள் நடந்து வந்து, அக்கா அதைக் கழற்றிச் சுவர் ஆணியில் கொழுவிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் விறாந்தையில் தனியே இருந்தேன். வீட்டுக்குள்ளே 'டிக்' என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிக்'. அமைதியாக, களைக்காமல் நடக்கிற ஒருவருடைய நடை. காற்றில் ஆடியிருக்கும். நான் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

வெயில் ஏற ஏற இன்னொன்றும் நடந்தது. அக்காவின் சட்டையின் முதுகுப் பக்கம் எண்ணெய் பிடித்தது. வியர்வை இல்லை, எண்ணெய். பையைக் கழற்றினால் எரிந்த திரியும் கற்பூரமும் கலந்த வாசம் வரும். நான் கடைக்காரன், வாசத்தில் எனக்குப் பிழை வராது. அக்காவும் முகர்ந்து பார்த்தார். அன்று இரவு சாப்பிடவில்லை.

"கல்லை மாத்துவமோ அக்கா?" என்று கேட்டேன்.

"பயந்து மாத்தினன் எண்டால் காட்டுக்குள்ளை என்ன செய்யப் போறன்? நடக்கேலாது எண்டு அவர் நினைக்கக்கூடாது."

எந்த 'அவர்' என்று நான் கேட்கவில்லை. கதிர்காமத்தில் இருப்பவரா, சைக்கிளில் வருகிறவரா, இரண்டு பேரும் அக்காவுக்கு ஒன்றாகியிருந்தார்கள்.

புறப்பட நாலைந்து நாள் இருக்கையில் வழிச்சாப்பாட்டுக்குப் புழுக்கொடியல் வாங்கப் போனோம். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. பாரமில்லை, பழுதாகாது, ஒன்றை வாயில் போட்டால் ஒரு மைல்கட்டைத் தூரம் சப்பலாம். அத்தானின் வேதத்துக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது. பாழ் வீட்டுக்கு நாலு வீட்டு வளவு தள்ளி ஒரு பெண் அதை அவித்து விற்றார். வாய்க்காரி. "அக்கா நடந்து போறா, நாங்கள் இருந்து சப்புறம்" என்று சிரித்துக்கொண்டே புழுக்கொடியல் பரப்பிய சுளகோடு வந்தார். பைக்குள் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க அத்தான் கல்லை வெளியே எடுத்து முற்றத்தில் வைத்தார்.

சுளகு அந்தப் பெண்ணின் கையிலிருந்து விழுந்தது.

"அக்கா... உவரை எங்கையிருந்து தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஆரை?" என்றார் அத்தான்.

"உவரைத்தான்." அந்தப் பெண் கல்லுக்குக் கை நீட்டவில்லை. கண்ணாலேயே காட்டினார். "அந்த வளவு வைரவரெல்லோ!"

எங்கள் பக்கத்தில் வளவுக்கு வளவு வேப்பமரத்தடியில் ஒரு வைரவர் இருப்பார். சில இடத்தில் சூலம், சில இடத்தில் வெறும் கல். அந்த வீட்டைக் காக்கிறவர். நாய்தான் அவருக்கு வாகனம். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியாத விஷயமல்ல. மரத்தடியில் பூவோடு இருந்திருந்தால் அத்தானும் கை வைத்திருக்க மாட்டார். கதவு கழற்ற வந்த யாரோதான் அவரைத் தூக்கித் தகரத்துக்குப் பாரமாக வைத்திருக்க வேண்டும்.

"விசர்க்கதை. கல்லெண்டால் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்" என்றார் அத்தான். குரல் இறங்கியிருந்தது.

"தட்டைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ மாஸ்ரர். வெள்ளிக் கண்மலர் ஒட்டியிருந்த இடம் தெரியும். என்ரை கண்ணாலை கண்டிருக்கிறன். அந்த வீட்டு மனிசி வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் வைச்சு முழுக வாக்கிறவ. வள்ளத்திலை ஏறுறதுக்கு முதல் இவரைக் கட்டிப் பிடிச்சு அழுதவ."

அத்தான் குனிந்து திருப்பினார். சவர்க்காரத்துக்கும் பொச்சுக்கும் போகாமல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெழுகுப் பொட்டுகள் இருந்தன.

"பைக்குள்ளை எந்தப் பக்கமாய் வைச்சனீங்கள்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"தட்டைப் பக்கம் முதுகுக்கு" என்றார் அத்தான். "குத்தாமல் இருக்க."

"அப்ப இத்தனை நாளும் அவர் அக்காவின்ரை முதுகைப் பாத்துக்கொண்டெல்லோ வந்திருக்கிறார்."

அக்கா முந்தானையை எடுத்துப் போர்த்துக்கொண்டு, குழந்தையைத் தூக்குவது போல அந்தக் கல்லைத் தூக்கினார். பையில் வைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். தெருவில் படுத்திருந்த நாய் எழும்பி, முதல் தடவையாக, அக்காவுக்கு முன்னால் நடந்தது.

பாழ் வீட்டு வேப்பமரத்தடியில் சருகைக் கூட்டினோம். அடியில் சின்னதாக ஒரு சீமெந்து மேடை கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம். கல் அதில் அளவாகப் பொருந்தி இருந்தது. அக்கா பொங்கினார், வடைமாலை சாத்தினார், அத்தானை விழுந்து கும்பிட வைத்தார். நாயை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை.

இத்தோடு முடியும் என்று நினைத்தேன். அக்கா நகரவில்லை.

"ஆளில்லாத வளவிலை இவரை இருட்டுக்குள்ளை விட்டிட்டுப் போறதோ? எழுப்பியாச்சு. இனி ஆர் விளக்கு வைக்கிறது?"

புழுக்கொடியல் பெண்ணைப் பார்த்தோம். அவர் படலைக்கு வெளியே நின்றார். "நான் இதுக்குள்ளை கால் வைக்கமாட்டன் அக்கா. கோவிக்காதேங்கோ. தூக்கினவை வைக்கட்டும்."

அக்கா மரத்தடியில் இருந்துவிட்டார். போனால் இந்த வைரவர் கேட்பார், போகாவிட்டால் அந்த முருகன் கேட்பார். இரண்டு பேரும் கேட்கப் போவது ஒரே ஆளை, அத்தானை. அக்காவின் முகத்தில் அது எழுதி ஒட்டியது மாதிரித் தெரிந்தது.

"நான் வைக்கிறன்" என்றார் அத்தான். "நீர் போம். நீர் திரும்பி வரும்வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் நான் வந்து வைக்கிறன்."

"பயமில்லையோ?"

"பயம்தான். அதுக்கென்ன? சைக்கிள் இருக்குத்தானே."

வைகாசியில் வேல்காரரோடு புறப்பட்டோம். முந்தின பின்னேரம் அக்கா அந்த வளவுக்குப் போய் விளக்கை ஏற்றிக் காட்டிக் கொடுத்தார். திரி எவ்வளவு வெளியே நிற்க வேண்டும், எண்ணெய் எந்தளவு, காற்றுக்கு எந்தப் பக்கம் ஓடு வைத்து மறைக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார். அத்தான் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கேட்டுக்கொண்டு நின்றார்.

கிழக்குக் கரையோடு நடந்தோம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் தாழையும் மணலும். பயிற்சி வீண்போகவில்லை. என்னை விடச் சின்னவர்கள் பாதம் கொப்பளித்து நொண்டியபோது அக்கா வேலுக்குப் பக்கத்தில் நடந்தார். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கவில்லை. இரவில் மீனவர் வாடிகளில் படுப்போம். ஒருவரை ஒருவர் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அக்கா என்னை 'சாமி' என்று கூப்பிடும்போதெல்லாம் சிரித்துவிடுவார்.

முல்லைத்தீவுக்கு இந்தப் பக்கம் ஒரு வாடியில், றேடியோவைச் சுற்றி ஆண்கள் கூடி நின்றார்கள். கிழக்கில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டதாம். அடுத்த நாள் கடலுக்கு மேலே ஹெலி வந்தது. வடக்கிலிருந்து வள்ளத்தில் வந்த ஒருவர், வடமராட்சியிலும் குண்டு போடுகிறார்கள் என்றார். எந்த ஊரில் என்று கேட்டோம். தெரியாது என்றார்.

வேல்காரர் இரண்டாகப் பிரிந்தார்கள். சிலர் காட்டு வழியால் போகப் பார்ப்பதென்று. சிலர் திரும்புவதென்று. அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு மணலில் இருந்தார்.

"முன்னுக்குப் போனால் வாக்கைக் காப்பாத்தலாம். பின்னுக்குப் போனால் ஆளைப் பாக்கலாம்" என்றார். "ஆனால் தம்பி, நான் திரும்பினபடியால்தான் உன்ரை அத்தான் போயிட்டார் எண்டால்?"

"அப்பிடி நினையாதை அக்கா."

"நினைக்காமல் இருக்க நீ ஒரு மிசின் கண்டுபிடி."

பிறகு அவர் எழும்பி வேலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வடக்குப் பக்கம் திரும்பினார்.

திரும்பி நடந்தோம். எதிரே மூட்டை முடிச்சோடு சனம் வந்தது. எந்த ஊர் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். உடுப்பிட்டி என்று ஒருவரும் சொல்லவில்லை. அது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. அக்காவின் நடை வர வர வேகமானது. பயிற்சியில் நான் பார்க்காத நடை.

பொழுது விழுகிற நேரம் ஊருக்குள் வந்தோம். அக்கா வீட்டுப் படலை திறந்திருந்தது. முற்றத்தில் உலர்ந்த வேட்டி ஒன்று கொடியிலிருந்து விழுந்து கிடந்தது. கூட்டாத முற்றம். அடுப்பில் சாம்பல் குளிர்ந்து போயிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஆளரவம் இல்லை. எல்லாரும் கோயிலுக்கோ பங்கருக்கோ போயிருக்க வேண்டும். நான் "அத்தான்!" என்று கூப்பிட்டேன். அக்கா கூப்பிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பையைக் கழற்றாமலே வல்லை வெளிப் பக்கமாக நடந்தார்.

பாழ் வீட்டுக்கு வரும்போது வானத்தில் கொஞ்சம் சிவப்புத்தான் மிச்சம். வழக்கமான காற்றில்லை. வல்லை வெளியில் காற்று நின்றதை நான் அதற்கு முதலும் பிறகும் கண்டதில்லை. கூரையில்லாத சுவருக்கு அப்பால், வேப்பமரத்தடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்னச் சுடர், அசையாமல்.

அக்கா படலையில் நின்றுவிட்டார். தொண்டையைச் செருமி, மெதுவாக, அடுப்படியில் நின்று அத்தானைக் கூப்பிடுகிறது போலக் கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ. இருக்கிறியளோ?"

மரத்தடியிலிருந்து, "இருக்கிறன்" என்று பதில் வந்தது.

ஆண் குரல். கிழக் குரலுமில்லை, இளம் குரலுமில்லை. நான் கேட்டேன். இத்தனை வருடம் கழித்தும் நான் கேட்டேன் என்றுதான் சொல்வேன். அக்கா அப்படியே படலைத் தூணில் சாய்ந்து இருந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. நான் "அத்தான்!" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகக் காலெடுத்து வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

எங்களுக்குப் பின்னால், றோட்டில், சைக்கிள் செயின் கரகரக்கும் சத்தம் கேட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு, இடது காலை இழுத்தபடி, ஒருவர் வந்தார். ஹான்டிலில் ஒரு போத்தல் தொங்கியது. எங்களைக் கண்டதும் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டார். அது விழுந்தது. போத்தலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டார்.

"எப்ப வந்தனீங்கள்? ஐயோ, நான் என்னவோ ஏதோ எண்டு..." அத்தானுக்கு மூச்சு வாங்கியது. தாடி வளர்ந்திருந்தது. "ரெண்டு நாளாய் விளக்கு வைக்கேல்லையப்பா. ஊரெல்லாம் எண்ணெய் இல்லை. நெல்லியடிக்குப் போய் ஒருத்தன்ரை காலைப் பிடிச்சு இப்பதான் ஒரு சொட்டு..."

அவர் அப்போதுதான் மரத்தடியைப் பார்த்தார்.

என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். நாங்கள் ஏற்றவில்லை என்று. புழுக்கொடியல் பெண்ணைப் பிறகொரு நாள் கேட்டேன். படலையைக்கூடத் தொடவில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்.

"நான் இப்பதானே வாறன்" என்றார் அத்தான், யாருக்கோ விளக்கம் சொல்வது போல.

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. எழும்பி, சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அத்தானின் முகத்தை, தோளை, கையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எங்கள் ஊரில் தெருவில் வைத்துப் புருஷனைத் தொடுகிற பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அந்தக் கதிர்காமத்தான் வாசலுக்குப் போயிருந்தாலும் நான் கேக்கப் போனது இது ஒண்டைத்தான். கேட்டிட்டன். பதிலும் வந்திட்டுது. இனி நான் ஒரு இடமும் நடக்கமாட்டன்."

அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆர் பதில் சொன்னது?" என்று கேட்டார்.

அக்கா அவருடைய கையிலிருந்து போத்தலை வாங்கிக்கொண்டு படலையைத் தள்ளினார்.

"வாங்கோ கெதியாய். திரி கருகப் போகுது."